வளைத்த முதுகும் வளைந்த முதுகும்

நம் தூத்துக்குடித் துறையில் முத்துக்குளிப்பு நிகழ்ந்த நாட்களில் ஒரு நல்வழக்கம் இருந்தது. கடலடியிலுள்ள பார்களிற் சிப்பி விளைந்திருக்கின்றது என்று கேள்வியுற்ற மாத்திரத்தில் தோணிகளையெல்லாம் அங்கு ஏவிவிடமாட்டார்கள். அரசாங்க அதிகாரிகள் முன்னதாகச் சென்று, குளியாட்களை இறக்கி, ஒரு சிறு பகுதிச் சிப்பிகளை மட்டும் எடுப்பித்து, அவற்றை அழுகவிட்டுக் கழுவி, அகப்பட்ட முத்துக்களை வணிகரைக்கொண்டு மதிப்பிடுவிப்பார்கள். அம்மாதிரியின் மதிப்புத் தக்கதாயிருந்தாலன்றிக் குளிப்பு அறிவிக்கப்படுவதில்லை. இதில் ஒரு நிபந்தனை உண்டு. தோலாயிரம் பாரின் செல்வத்தை அறிய வேண்டுமாயின் தோலாயிரம் பாரின் சிப்பியையே எடுத்துப் பார்த்தல் வேண்டும். வேறொரு பாரின் சிப்பியைக்கொண்டு இப்பாரைக் கணக்கிட்டவன் ஏமாந்தே போவான். இவ்வுண்மையைக் கடற்கரைச் சிறுவனும் அறிவான். மருத்துவ ஆராய்ச்சியிலோ, ஒரு நோயின் திறத்தில், இவ்வுண்மை நெடுங்காலம் மறக்கப்பட்டிருந்தது. அதனை எடுத்துக்காட்டி, அதனின்று நம் மாணவர் கொள்ளத்தக்கது யாதென்று ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

மனிதனுடைய முதுகெலும்பு, பின்னின்று நோக்குங்கால், நேர்கோடாய் இருத்தல் இயல்பு. அஃது இடப்புறமோ வலப்புறமோ வளைந்து, வளைவோடு தன்னைத்தானே முறுக்கிக்கொள்ளும் நிலையை வைத்தியர் ஸ்கோலியோசிஸ் என்பர். நாம் பக்கவளைவு என்போம். கூன் என்பது வேறு. அது முதுகு பின்புறமாகப் புடைத்து உடல் முன்னே குனிதல். கூன் நிமிர்ந்த பாண்டியன் கதையைக் கேட்டு வளர்ந்த பாண்டிநாட்டாராகிய நமக்குக் கூன் தெரியும். பக்கவளைவு அவ்வளவாகத் தெரியாது. எக்ஸ்-ரே படத்தில் 10 பாகையும் அதற்கு மேலும் உள்ள வளைவையே நோயெனக் கணக்கிடுவர். அக்கோணத்தை அளக்கும் முறையை 1948-இல் வகுத்துரைத்தவர் ஜான் காப் என்னும் அமெரிக்க வைத்தியர். வளரும் பருவத்துப் பிள்ளைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இது காணப்படுகின்றது. பெரும்பாலோர்க்குச் சிறு வளைவாகவே நின்றுவிடும். கடுமையாக வளர்வது மிகுதியும் பெண்பிள்ளைகளிடத்தே. பத்து வயதிற்கும் பதினைந்து வயதிற்கும் இடையே உடல் விரைந்து உயரும்பொழுது வளைவும் உடன் விரைகின்றது.

நோவு பெரும்பாலும் இல்லாமையால் எவரும் இதனைக் கவனிப்பதில்லை. ஒரு தோள் உயர்ந்து நிற்பதையும், சட்டை ஒருபுறம் தூக்கிக்கொள்வதையும் தையற்காரர் முதலிற் காண்பார்; தாய் அடுத்துக் காண்பாள்; வைத்தியர் கடைசியிற் காண்பார். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று ஓராண்டு போகும். ‘நாளை கலியாணம் பேசவேண்டிய பெண், ஊராருக்குத் தெரியலாகாது’ என்று ஈராண்டு போகும். அதற்குள் வளைவு கடுமையாய் வளர்ந்துவிடுமாயின் விலாவெலும்புகள் திரிந்து, மார்புக்கூடு குறுகி, மூச்சுக்கும் இடர் விளையும்.

இளம்பிள்ளைவாதத்தாலும், பிறவிக் குறையாலும், தசைநார் நோய்களாலும் முதுகு வளைதல் உண்டு. ஆயினும் பக்கவளைவுடையோருள் நூற்றுக்கு எண்பதின்மர்க்கு இன்ன காரணமென்று சொல்ல எவராலும் இயலவில்லை. காரணம் அறியாமையால் சிகிச்சையும் மூன்று படிகளோடு நின்றுவிடுகின்றது. வளைவு சிறிதாயின் காத்திருந்து கவனித்தல். நடுத்தரமாயின் உடலை இறுக்கிப் பிடிக்கும் கவசத்தை அணிவித்தல். 50 பாகையை எட்டினால் முதுகைத் திறந்து உலோகக் கோல்களையும் திருகாணிகளையும் பொருத்திப் பல முள்ளெலும்புகளை ஒன்றாய் ஒட்டிவிடுதல். 2013-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வொன்றிலே, கவசம் அணிந்த பிள்ளைகளுள் நூற்றுக்கு 72 பேர் அந்த 50 பாகையை எட்டாமல் வளர்ச்சியை முடித்தனர். கவசமின்றிக் கவனிக்கப்பட்டவர்களுள் 48 பேர் அவ்வாறு முடித்தனர். கவசத்தின் பயன் இதனால் விளங்குகின்றது. அதனோடு மற்றொன்றும் விளங்குகின்றது. கவசமின்றியே தப்பக்கூடிய பிள்ளைகள் ஏறத்தாழப் பாதிப்பேர். அவர் இன்னார் என்று முன்னறியும் வழிதான் இல்லை. நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரம் நெஞ்சையும் இடுப்பையும் இறுக்கும் கவசத்தை, நம் தூத்துக்குடிச் சித்திரை வெயிலில், ஒரு பதின்மூன்று வயதுப் பெண் அணிந்திருத்தல் எத்தகைய துன்பம் என்பதை நினைத்துப் பாருங்கள். அத்துன்பம் அவளுக்கு வேண்டுவதா, வேண்டாததா என்று சொல்லத் தெரியாமலே நாம் அதனை அவள்மீது சுமத்துகின்றோம். காரணத்தை அறியாமையின் விலை இதுவே.

காரணத்தை அறிவது எங்ஙனம்? பிள்ளை வைத்தியரிடம் வரும்பொழுதே வளைவு தொடங்கிவிட்டது. தொடங்குமுன் நிகழ்ந்தது யாதெனக் காண வழியில்லை. அதற்காக ஒரு பிள்ளையின் முதுகைத் திறந்து பார்த்தலும் தகாது. ஆகவே, அதே குறை தோன்றுவதான ஒரு பிராணியைப் பெற்று, அதனிடத்தே குறையின் தோற்றத்தைப் பயில்வது ஆராய்ச்சியாளர் வழக்கம். அப்பிராணியை அவர்கள் நோயின் மாதிரி என்பர். சிக்கல் இங்கேதான் தொடங்குகின்றது. நாற்காலிகளும் பறவைகளும் இயற்கையில் இந்நோயை அரிதாகவே அடைகின்றன. ஆதலால் அவற்றை வளைத்துப் பார்க்கத் தொடங்கினார்கள்.

1933-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கைகர், ஸ்டீன்பாக், பார்சன்ஸ் என்போர், ஸ்வீட் பீ என்னும் பூங்கொடியின் விதையை இளம் எலிகளுக்கு ஊட்டியபொழுது அவற்றின் முதுகெலும்பு கோணிப்போயிற்று என்று எழுதினார்கள். பின்னர் 1954-இல் இக்னாசியோ பொன்செட்டி முதலியோர் அதே விதையைக் கொண்டு எலும்பின் கேட்டை விரிவாக ஆராய்ந்தனர். விதையிலுள்ள நஞ்சு, கொலாஜன் என்னும் இழைகள் ஒன்றோடொன்று பிணைவதைத் தடுக்கின்றது. பிணைப்பற்ற எலும்பும் நாரும் உடற்பாரத்திற்கு ஆற்றாது கோணுகின்றன. நம் நாட்டுக் கேசரிப் பருப்பும் அச்செடியின் இனத்ததே. ஆயினும் அதிலுள்ள நஞ்சு வேறு. அது முதுகை விட்டுக் கால்களை முடக்கும். எலியின் முதுகு வளைந்ததென்னவோ உண்மை. ஆனால் பக்கவளைவுடைய பிள்ளைகள் அவ்விதையை உண்டவர்கள் அல்லர்.

1959-இல் பிரான்சு நாட்டில் தில்லார் என்பவர், கோழிக்குஞ்சின் மூளையிலுள்ள பீனியல் சுரப்பியை அகற்றியபொழுது பல குஞ்சுகளின் முதுகு வளைந்ததைக் கண்டார். அச்சுரப்பி மெலடோனின் என்னும் பொருளை இரவில் உண்டாக்குவது. ‘மெலடோனின் குறைவே நோயின் மூலம்’ என்னும் கொள்கை இதனின்று எழுந்து, பல ஆண்டு உலவிற்று. மனிதன் இரண்டு காலால் நடக்கின்றான், கோழியும் அவ்வாறே நடக்கின்றது. எனவே நிமிர்ந்த உடலும் மெலடோனின் குறைவும் சேர்ந்தே நோயாகின்றன என்று சிலர் கருதினர். அதனைச் சோதிக்க வேண்டி, எலிகளின் முன்கால்களை வெட்டிவிட்டு அவற்றை இரண்டு காலால் நடக்கச் செய்து, சுரப்பியையும் நீக்கினார்கள். அவ்வெலிகளின் முதுகும் வளைந்தது என்று 1999-இல் ஜப்பானியர் வெளியிட்டனர். முடிவு யாதாயிற்று? மனிதனுக்கு இன்னும் நெருங்கிய குரங்குகளுக்கு அச்சுரப்பியை நீக்கிப் பார்த்த ஹாங்காங் வைத்தியர், ஒன்றற்கும் முதுகு வளையவில்லை என்று 2005-இல் அறிவித்தார்கள். பிள்ளைகளின் குருதியில் மெலடோனின் குறைகின்றதா என்று பார்த்த ஆய்வுகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை.

வெள்ளாடுகளின் முதுகெலும்பை ஒருபுறம் கயிற்றாலும் கம்பியாலும் பிணித்து, வளருங்கால் வளையும்படி செய்தவர்களும் உளர். அவர்கள் செய்ததை நாம் வேறாக மதிக்கின்றோம். அவர்கள் காரணத்தைத் தேடினாரல்லர். வளைந்த முதுகை நிமிர்த்தும் கருவியைச் சோதித்தார்கள். முள்ளெலும்புகளை ஒட்டிவிடாமல், வளைவின் புறப்பக்கத்தைக் கயிற்றால் தளைத்து, பிள்ளையின் வளர்ச்சியைக்கொண்டே முதுகை நிமிர்த்தும் புதுமுறையை அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2019-இல் வரையறையோடு அனுமதித்தது. அதற்கு முன் ஆட்டிலும் கன்றிலும் பன்றியிலும் அத்தகைய முறைகள் சோதிக்கப்பட்டன. பிள்ளையின் உடலுட் செல்லும் கருவியை முதன்முதற் பிள்ளையிடத்தே சோதித்தல் தகாதென்பதை எவரும் ஒப்புவர்.

இவற்றால் நாம் தெளிவது யாது? வளைத்த முதுகு வேறு. வளைந்த முதுகு வேறு. நாம் வளைத்த முதுகு, அதனை நிமிர்த்தும் வழியை ஒருகால் கற்பிக்கலாம். பிள்ளையின் முதுகு ஏன் வளைந்தது என்பதை ஒருபோதும் கற்பிக்கமாட்டாது. நஞ்சினாலும் கத்தியாலும் வளைந்த எலி, வேறொரு பாரின் சிப்பி. அதனைக் கழுவி எடுத்த முத்தைக்கொண்டு இப்பாரை மதிப்பிட்டமையால் விளைந்த மயக்கம் சிறிதன்று. முன்கால் இழந்த அவ்வெலிகளின் துன்பத்திற்கு ஈடாகப் பிள்ளைகள் அடைந்த பயன் மிகச் சிறிது.

நிற்க. தானே வளையும் முதுகுடைய பிராணி உண்டா? உண்டு, அது நீரில் வாழ்கின்றது. கொசுப்புழுவை ஒழிக்க நம் ஊர்த் தொட்டிகளிலும் குட்டைகளிலும் விடப்படுகின்ற கப்பி மீனை அறியாதார் இலர். அம்மீனில் ஒரு வம்சம், பிறக்கும்பொழுது நேராயிருந்து, வளருங்கால் முதுகு வளைவதைக் கனடா நாட்டில் கார்மன், பிரீடன் என்போர் கண்டு 2007 முதல் எழுதி வந்தனர். அவ்வளைவு வம்சவழி வருவது. வளர்ச்சிக் காலத்தில் மிகுவது. சிலவற்றிற் சிறிதாகவும் சிலவற்றிற் பெரிதாகவும் அமைவது. கடுமை பெண்மீன்களிடத்தே மிகுவது. இவை நான்கும் நம் பிள்ளைகளின் நோய்க்கும் உரியவை அல்லவோ?

அடுத்தது வரிமீன். ஜீப்ரா மீன் என்று உலகம் சொல்லும் இச்சிறு மீன் நம் நாட்டு ஓடைகளுக்கும் வயல்நீருக்கும் உரியது. 1822-இல் ஹாமில்டன் என்பவர் கங்கையின் மீன்களைப்பற்றிய தம் நூலில் இதனை முதன்முதல் விவரித்தார். இளமையில் இதன் உடல் கண்ணாடிபோல் உள்ளுறுப்பைக் காட்டும். 2014-இல் டொராண்டோ நகரத்து ஆராய்ச்சியாளர், ஒரு மரபணுவை இழந்த வரிமீன்களுக்குப் பிள்ளைகளுடையதைப் போன்ற பக்கவளைவு தோன்றுவதைக் காட்டினார்கள். 2016-இல் அவர்களும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து மேலும் ஒருபடி சென்றனர். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரை ஓடச்செய்பவை நுண்மயிர்கள். அம்மயிர்களின் அசைவு குன்றினால் நீரோட்டம் கெடுகின்றது. நீரோட்டம் கெட்ட மீனின் முதுகு வளர்ச்சிக்காலத்தில் வளைகின்றது. மிக வியப்பானது இதன்மேல் உள்ளது. வெப்பத்தை மாற்றுவதனால் அம்மயிர்களை நிறுத்தவும் அசைக்கவும் கூடிய ஒரு வகை மீனை வளர்த்தார்கள். வளைவு தொடங்கிய பின்பு மயிர்களை மீண்டும் அசையச்செய்தபொழுது, வளைவு மேலும் வளராமல் நின்றது. கத்தியுமில்லை, கோலுமில்லை, காரணத்தைத் தொட்டமையால் காரியம் நின்றது. மனிதப் பிள்ளைகளிடத்தும் இதுவே காரணமென்று இன்னும் நிறுவப்படவில்லை. ஆயினும் தேடவேண்டிய திசை இன்னதென்று ஒரு சிறு மீன் காட்டிவிட்டது.

‘மீனுக்குக் கால் ஏது? நிமிர்ந்து நில்லாத பிராணி நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கு எங்ஙனம் மாதிரியாகும்?’ என்று வினவுவோர் உளர். வினா தக்கதே. மனிதனுடைய மார்புக்கூடும், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுக்களின் அமைப்பும் மீனுக்கு அப்படியே இல்லை. நிமிர்ந்த நிலையின் பாரமும் மனித நோய்க்கு ஓர் ஏதுவாகலாம். ஆனால் மீனின் முதுகும் சும்மா கிடப்பதன்று. வாலால் உந்தித் தலையால் நீரைப் பிளந்து செல்லும்பொழுது, தலைமுதல் வால்வரை அதன் முதுகெலும்பு அழுத்தத்தைத் தாங்குகின்றது. நம் கடற்கரை ஏலக்கூடங்களிலும் எப்பொழுதேனும் முதுகு கோணிய மீனொன்று வலையோடு வந்து சேர்வதுண்டு. வளர்ப்பு மீன்களுக்கு வைட்டமின் சி குறைந்தாலும் முதுகு கோணும். எனவே கோணிய மீனெல்லாம் மாதிரியாகா. காரணம் ஒத்த மீனே மாதிரியாகும்.

‘அப்படியாயின் மீனின் உயிர் உயிரன்றோ?’ என்பது மற்றொரு வினா. இதனை நாம் எளிதாகத் தள்ளமாட்டோம். மீனுக்கு நோவில்லை என்று நெடுநாள் சொல்லி வந்தனர். 2003-இல் பிரிட்டனில் லின் ஸ்னெடன் முதலியோர், டிரவுட் மீனின் தலைப்பகுதியில் நோவை அறியும் நரம்புகள் உள்ளன என்று காட்டியபின் அப்பேச்சு நிற்கவில்லை. நம் நாட்டுச் சட்டமோ அதற்கு முன்பே தெளிவாயிருந்தது. மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார், 1952-இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்று, பிராணி வதைத் தடுப்பிற்காக ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அம்முயற்சியின் பயனாக 1960-இல் நிறைவேறிய சட்டம், பிராணி என்பதற்கு ‘மனிதனல்லாத எவ்வுயிரும்’ என்று பொருள் கூறுகின்றது. மீனும் அதனுள் அடங்கும். அச்சட்டம் ஆராய்ச்சியை விலக்கவில்லை. சிறு பிராணி போதுமான இடத்துப் பெரும் பிராணியைத் தொடலாகாது என்றும், கைப்பழக்கத்திற்காக மட்டும் பிராணியை அறுத்தல் கூடியவரை ஆகாது என்றும் அது வரையறுக்கின்றது. 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேயர் இருவர் வகுத்த மூன்று நெறிகளும் இதற்கு இணங்கியவையே: கூடுமாயின் பிராணிக்கு மாற்றுக் காண்க, கூடாதாயின் எண்ணிக்கையைக் குறைக்க, குறைத்தவற்றிற்கும் நோவைத் தணிக்க.

கல்லூரி விலங்கியற் கூடங்களில் தவளையும் கரப்பானும் அறுத்துப் பயின்ற தலைமுறையார் இம்மலரைப் படிப்போருள் பலர். பல்கலைக்கழக மானியக் குழு 2011-இலும் 2014-இலும் விடுத்த நெறிமுறைகளுக்குப்பின் அவ்வழக்கம் ஒழிந்தது, ஒழிந்தது நன்றே. முன்னரே அறிந்ததை மீண்டும் அறிய ஓர் உயிரைச் செலவிடுதல் வீண். ஆனால் அதனின்று ‘ஆராய்ச்சியிலும் பிராணி வேண்டா’ என்று முடித்தல், அறியாததை அறியாமலே விட்டுவிடுதலாகும். அவ்வறியாமையின் சுமையைத் தாங்குவோர் நாமல்லோம். வெயிலிற் கவசம் அணிந்த அப்பெண்பிள்ளையே தாங்குகின்றாள்.

ஆகவே நாம் நடுவழியைக் கூறுகின்றோம். நோயின் காரணத்தை நாடுவோர், வெட்டியும் பிணித்தும் வளைத்த பிராணிகளைக் கைவிட்டு, தானே வளையும் மீன்களைக் கொள்க. பெரும் பிராணிகளைப் பிள்ளையின் உடலுட் புகவேண்டிய கருவியின் இறுதிச் சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்க. எத்தனை உயிர் வேண்டும் என்பதை முன்னரே கணக்கிட்டு, அதற்குமேல் ஒன்றும் எடாதிருக்க. முத்துப்பாரில் மாதிரி எடுத்த அதிகாரிகள், பாரையே வாரிக்கொண்டு வந்து மாதிரி என்று சொன்னாரல்லர்.

காரணம் அறிதலின் பயனுக்கும் நம் துறையே சான்று. ஒரு நல்முத்துக்காக எண்ணற்ற சிப்பிகளை வெயிலில் அழுகவிட்டது பழைய முறை. 1961-உடன் அக்குளிப்பு இத்துறையில் நின்றுபோயிற்று. முத்து உண்டாவது எங்ஙனம் என்பதை அறிந்தபின், சிப்பியினுள் சிறு உருண்டையையும் மேலுறைத் தசையின் துண்டொன்றையும் வைத்து முத்து விளைவிக்கும் முறை தோன்றிற்று. 1973-இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி என்னும் விஞ்ஞானி, நம் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் அதனைச் செய்துகாட்டினார். காரணம் அறியாதவன் ஆயிரத்தை அழித்து ஒன்றைத் தேடுவான். அறிந்தவன் ஒன்றிலேயே பெறுவான்.

இறுதியாக ஒன்று. மீன்கள் தரும் அறிவு மருந்தாகி வர இன்னும் ஆண்டுகள் பல செல்லலாம். அதுவரை நாம் கைகட்டியிருத்தல் வேண்டா. 1865-இல் வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் கண்ட ஒரு சோதனை உண்டு. பிள்ளையைக் காலை நேராக வைத்து, கைகளைக் கூப்பித் தொங்கவிட்டு, முன்னே குனியச்செய்து, பின்னின்று முதுகை நோக்குக. ஒருபுற விலா மறுபுறத்தைவிட மேடிட்டிருந்தால் வைத்தியரிடம் அனுப்புக. அவ்வளவே. கருவி வேண்டா, செலவும் இல்லை. பள்ளிகளிற் கூட்டமாய்ச் சோதிப்பதன் பயனைப்பற்றி மேனாட்டாருள் கருத்து வேறுபாடு உண்டு. 2018-இல் அமெரிக்க நிபுணர் குழுவொன்று, சான்று போதாதென்று கூறிற்று. ஆனால் வைத்தியரை அடிக்கடி காணும் பிள்ளைகளின் நாட்டுக்குச் சொல்லிய சொல் அது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வைத்தியரைக் காணாத மீனவக் குப்பங்களிலும் உப்பளத் தொழிலாளர் குடியிருப்புக்களிலும் வாழும் பிள்ளைகளுக்கு, ஓர் ஆசிரியையின் ஒரு நிமிடப் பார்வையே முதற் பார்வையாகும். பல வேளை அதுவே தக்க காலத்துப் பார்வையுமாகும். பெண்பிள்ளையை ஆசிரியையே, மறைவிடத்தே, அவள் மனம் நோவாவண்ணம் பார்த்தல் வேண்டும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

நண்பர்களே, உங்களுட் சிலர் நாளை ஆராய்ச்சிக் கூடங்களுக்குச் செல்வீர்கள். பலர் பள்ளி ஆசிரியராவீர்கள். எல்லோரும் ஒருநாள் பெற்றோராவீர்கள். கூடத்திற்குச் செல்வோர் கையில் எடுக்கும் ஒவ்வொரு மீனையும் நோக்கி, ‘இஃது இப்பாரின் சிப்பிதானா?’ என்று ஒருமுறை கேட்டுக்கொள்வாராக. ஆசிரியராவோர் தம் வகுப்பில் ஒருபுறமாய்த் தோள் தூக்கி நிற்கும் சிறுமியைக் கண்டும் காணாதவர்போற் போகாதிருப்பாராக. அவள்பொருட்டே அம்மீன்கள் உயிர் நீக்கின்றன. கண்டறிந்தது அவளிடம் சென்று சேராதாயின், அவ்வுயிர்களுக்கு நாம் பட்ட கடன் தீராது.